பிள்ளை ஆர்க்கிடெக்ட் ஆக விரும்பினால்: குமரி எல்லைப் பகுதிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்த வட்டாரத்தில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கட்டிக் கொடுப்பது என் தொழில். வீட்டுப் பேச்சு முடிந்ததும் பெற்றோர் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். கல்யாண வீட்டிலும் இதே கேள்விகள்தான், பஸ் நிலையத்திலும் இதே கேள்விகள்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். தேர்வு விதிகள் ஆண்டுதோறும் சிறிது மாறும். எனவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அதிகாரபூர்வக் கையேட்டை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

ஆர்க்கிடெக்ட் என்றால் சிவில் இன்ஜினியர்தானே? பிறகு ஏன் தனிப் படிப்பு?

தூண் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், அதில் எத்தனை கம்பி போட வேண்டும், மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்பவர் சிவில் இன்ஜினியர். காலை வெளிச்சம் எந்த அறைக்கு வர வேண்டும், அடுக்களையில் நிற்பவருக்கு வாசலில் வருபவர் தெரிய வேண்டுமா, மூட்டுவலி உள்ள பாட்டி படி ஏறாமல் குளியலறைக்குப் போக வழி உண்டா, சாரல் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமா என்று யோசித்துக் கட்டடத்துக்கு உருவம் கொடுப்பவர் ஆர்க்கிடெக்ட். நல்ல கட்டடத்துக்கு இருவரும் வேண்டும்.

இன்ஜினியரிங் நான்கு ஆண்டுகள், ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான பட்டப்படிப்பான பி.ஆர்க் ஐந்து ஆண்டுகள். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். ‘பிளான் போட்டுத் தரப்படும்’ என்று பலகை வைத்திருக்கும் எல்லாரும் ஆர்க்கிடெக்ட் அல்லர்.

மகள் எட்டாம் வகுப்புதான் படிக்கிறாள். இப்போதே எதிலாவது சேர்த்துவிட வேண்டுமா?

எதிலும் சேர்க்க வேண்டாம். கோடு போடாத ஒரு நோட்டு, ஒரு 2பி பென்சில், ஐந்து மீட்டர் அளவு டேப் ஆகிய மூன்றையும் வாங்கிக் கொடுங்கள். பத்தாம் வகுப்பு முடியும்வரை இவை போதும். இந்த வயதில் பழக வேண்டியது பார்ப்பதற்கு. கண் பழகிவிட்டால் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் தேர்வுக்கான பயிற்சி எளிதாகிவிடும். கண் பழகாமல் நேரடியாகத் தேர்வுப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் கல்லூரியின் முதல் ஆண்டிலேயே திணறுகிறார்கள்.

கணக்குப் பாடத்தை மட்டும் எந்த வகுப்பிலும் தளரவிடாதீர்கள். காரணம் நான்காவது கேள்வியில் இருக்கிறது.

அவனுக்குப் படம் வரையவே வராது. அப்படியானால் இந்தப் படிப்பு வேண்டாம்தானே?

அப்படி இல்லை. சாமி படத்தையும் நடிகர் முகத்தையும் அச்சாகப் பார்த்து வரைகிற திறமை வேறு. இந்தத் தொழிலுக்கு வேண்டிய வரைதல், மனதில் இருப்பதை இன்னொருவருக்குப் புரியவைக்கும் வரைதல். நாற்காலியை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், பக்கவாட்டில் எப்படி, நடுவில் அறுத்துப் பார்த்தால் உள்ளே என்ன தெரியும் என்று மூன்று விதமாகப் போடச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருக்கலாம்; அளவும் இடமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தினமும் இருபது நிமிடம் போட்டால் கோடு தானே நேராகும்.

ஒன்றைப் பார்த்ததும் ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்கும் பழக்கம் பிள்ளைக்கு இருக்கிறதா? அதைத்தான் நான் வரைதலைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுக்க வேண்டும்? பயாலஜியா, கம்ப்யூட்டரா?

இயற்பியலும் கணிதமும் கட்டாயம். அவற்றோடு வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் முதலிய அனுமதிக்கப்பட்ட பாடங்களில் ஒன்று இருக்க வேண்டும். மொத்தத்தில் 45 சதவீத மதிப்பெண் என்பது சமீப ஆண்டுகளின் தகுதி விதி. கணிதம் இல்லாத உயிரியல் பிரிவை எடுத்துவிட்டால் கதவு மூடிவிடும். கணிதத்தோடு உயிரியல் சேர்ந்த பிரிவு என்றால் பிரச்சினை இல்லை. மருத்துவமா இதுவா என்று குழம்பும் பிள்ளைக்கு அது நல்ல வழி.

45 போதும் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தரவரிசை போடும்போது பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பாதி, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பாதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதி இடம் பள்ளித் தேர்விலேயே முடிவாகிவிடுகிறது.

எங்கள் ஊரில் பார்க்க என்ன சார் இருக்கிறது? பெரிய கட்டடம் என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ அல்லவா போக வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தக்கலையில் இறங்கி நடக்கும் தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. மரத்தால் கட்டப்பட்ட அந்த அரண்மனையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் நோட்டும் பென்சிலுமாக வருகிறார்கள். நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை வரிசையில் நடந்துவிட்டு வந்ததோடு சரி.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையின் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. பிள்ளையைக் கூட்டிப்போனால் வாளையும் கட்டிலையும் காட்டி வேகமாக நகர்த்தாதீர்கள். மன்னர் ஆலோசனை நடத்திய மேல்மாடி மந்திரசாலையில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலிலும் அங்கே ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? மரச் சட்டங்கள் ஏன் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கின்றன? காற்று உள்ளே வருகிறது, கண்ணைக் கூசும் வெளிச்சமும் சாரலும் வெளியே நிற்கின்றன. கூரை ஏன் இவ்வளவு செங்குத்து, அதன் விளிம்பு ஏன் சுவரைத் தாண்டி இவ்வளவு தூரம் இறங்குகிறது? தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மண் இது. மழையிலிருந்து சுவரைக் காப்பாற்ற ஆசாரிமார் கண்ட வழி அது. முற்றங்களைக் கடக்கும்போது, ஒரு முற்றம் எத்தனை அறைகளுக்கு வெளிச்சம் கொடுக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

அரண்மனை மட்டும் இல்லை. மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. சிதறாலில் சமணத் துறவிகள் தங்கிய பள்ளி பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கிறது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் முதல் இருக்கிறது. கடலில் தூண் நிறுத்தாமல் இருபுறத்து வளைவுகள் அதை எப்படித் தூக்கி நிறுத்துகின்றன என்று பிள்ளை யோசிக்கட்டும். உங்கள் தெருவிலும் பாடம் உண்டு: கான்கிரீட் மொட்டைமாடி ஒழுகி, அதன்மேல் தகரக் கூரை போட்ட வீடுகள் எத்தனை? அந்தக் கூரைச் செலவை முதலிலேயே மிச்சப்படுத்தியிருக்க முடியுமா?

திருவனந்தபுரம் பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கே எதைக் காட்டலாம்?

லாரி பேக்கரின் கட்டடங்களை. 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்தவர். குறைந்த செலவில், பூச்சில்லாத செங்கலில், மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டியவர். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள இந்தியன் காபி ஹவுஸ் அவர் வடிவமைத்தது. தரை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்ந்தே வருகின்றன. சுவரின் சிறு துளைகளில் காற்று நுழைகிறது. ஒரு காபிக்கு ஆகும் செலவில் இவ்வளவு பாடம் வேறெங்கும் கிடைக்காது. அதே நகரத்தில் உள்ளூர் என்ற பெயருள்ள பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமும் அவருடையதே. முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போவது நல்லது.

அவர் பரப்பிய இரண்டு முறைகளை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது ஒன்று. செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில், கான்கிரீட் பெரிதாகப் பாரம் தாங்காத இடத்தில், பழைய கூரை ஓடுகளை வைத்து நிரப்புவது இன்னொன்று. நம் ஊரில் பழைய வீடு இடிக்கும்போது ஓடுகள் குவியலாகக் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

போய்ப் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்து என்ன செய்யச் சொல்வது?

அளக்கச் சொல்லுங்கள். முதலில் சொந்த வீடு. டேப்பைப் பிடிக்கத் தம்பியோ தங்கையோ போதும். ஒவ்வொரு அறையின் நீளம், அகலம், சுவரின் கனம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஒரு மீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கி வரைய வேண்டும். அதுதான் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுகோல். நாலு சுவரும் மூடவில்லை என்றால் அளவில் பிழை. மறுபடி அளக்க வேண்டும். அந்தப் பிழையைத் தேடும் ஒரு மாலை நேரம், பத்து நாள் வகுப்புக்குச் சமம்.

அடுத்தது குறுக்குவெட்டுத் தோற்றம். வீட்டை நடுவில் அறுத்து நிறுத்தினால் உள்ளே என்னென்ன தெரியும் என்று வரைவது. ஓட்டு வீடு என்றால் இது இன்னும் சுவையானது: உத்திரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோல் எங்கே சேர்கிறது, சுமை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். பாட்டி வீடு பழைய வீடாக இருந்தால் அதை இடிப்பதற்கு முன் அளந்து வரைந்துவிடச் சொல்லுங்கள். எல்லா வரைபடத்திலும் தேதி போட்டுப் பத்திரமாக வைக்கட்டும்.

அட்டையில் மாடல் செய்வதும் இதோடு சேர்த்தி. கல்யாணப் பத்திரிகை அட்டை, தேங்காய் ஈர்க்கு, பசை போதும். கத்தி பிடிக்கும்போது பக்கத்தில் இருங்கள்.

நாட்டா, நாட்டா என்கிறார்களே, அது என்ன தேர்வு?

கட்டடக்கலைக்கான தேசியத் திறனறித் தேர்வு. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் 2006 முதல் நடத்துகிறது. சமீப ஆண்டுகளின் அமைப்பில் மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் பகுதி காகிதத்தில் வரைவது: 80 மதிப்பெண். வண்ணத்தில் ஓர் அமைப்பு, கறுப்பு வெள்ளையில் ஒரு காட்சி, கொடுக்கப்பட்ட பொருள்களை வைத்து ஒரு முப்பரிமாண வடிவம் என்று கேட்பார்கள். இரண்டாம் பகுதி கணினியில்: 120 மதிப்பெண். வடிவங்களைத் திருப்பிப் பார்ப்பது, தர்க்கம், எண் கணக்கு, கட்டடங்களைப் பற்றிய பொது அறிவு முதலியவை.

ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுத வாய்ப்பு உண்டு. சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த கையோடு ஒருமுறை எழுதி, அந்த அனுபவத்தோடு அடுத்த முறைக்குப் போவது நல்லது.

அதற்குக் கோச்சிங் சேர்க்காமல் முடியுமா? நாகர்கோவிலில் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று சொல்கிறார்கள்.

முடியும். மேலே சொன்ன வரைதலை இரண்டு ஆண்டு தொடர்ந்து செய்த பிள்ளைக்கு, தேர்வின் அமைப்பையும் நேரத்தைப் பங்கிடுவதையும் பழகினால் போதும். பழைய வினாக்களைக் கடிகாரம் வைத்து வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். யாராவது திருத்தித் தந்தால்தான் முன்னேறுவேன் என்று நினைக்கும் பிள்ளைக்கு, பிளஸ் டூவில் சில மாதம் வார இறுதி வகுப்பு பலன் தரும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பணம் கட்டச் சொல்லும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அங்குள்ள மாணவர்களின் வரைபடங்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி பஸ் நிலையம், ஒரே மாதிரி ஆட்கள் வரைந்திருந்தால், அங்கே மனப்பாடம்தான் நடக்கிறது. அது கல்லூரியில் உதவாது.

நாட்டா எழுதினால் என்ஐடியில் கிடைக்குமா?

கிடைக்காது. என்ஐடி எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கும், டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று இடங்களிலுள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சருக்கும் ஜேஇஇ மெயின் தேர்வின் பி.ஆர்க் தாள் எழுத வேண்டும். அதில் கணிதம், திறனறிதல், வரைதல் மூன்றும் உண்டு. நமக்கு அருகிலுள்ள திருச்சி, கோழிக்கோடு என்ஐடிகள் இரண்டிலும் பி.ஆர்க் இருக்கிறது. ஐஐடியில் கரக்பூர், ரூர்க்கி, வாரணாசி ஆகிய மூன்றில் மட்டுமே உண்டு. அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறிய பிறகு தனியாக ஒரு திறனறித் தேர்வு.

கணக்கில் பலமான பிள்ளை நாட்டா, ஜேஇஇ இரண்டையும் எழுதட்டும். வரைதல் பயிற்சி இரண்டுக்கும் பொது.

தமிழ் வழியில் படித்த பிள்ளை இதில் தாக்குப்பிடிக்குமா?

தாக்குப்பிடிக்கும். வரைபடத்துக்கு மொழி குறுக்கே நிற்பதில்லை. ஜேஇஇ மெயின் வினாத்தாளைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களின் மையங்களில்தான் கிடைக்கும், மலையாளம் கேரள மையங்களில்தான் கிடைக்கும். பாறசாலைக்காரர் திருவனந்தபுரத்தை மையமாகப் போட்டுவிட்டுத் தமிழ் வினாத்தாளை எதிர்பார்க்கக் கூடாது. நாட்டாவுக்கு ஆங்கிலம் பழக வேண்டும்.

கல்லூரியில் தன் வடிவமைப்பை எழுந்து நின்று விளக்க வேண்டிவரும். அதை இப்போதிருந்தே தமிழில் பழக்குங்கள். வரைந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டாருக்கு விளக்கட்டும். நீங்கள் எதிர்க்கேள்வி கேளுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு ஆங்கிலம் ஓராண்டில் வந்துவிடும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பிள்ளை என்றால், தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான சான்றைப் பள்ளியிலேயே வாங்கி வையுங்கள்.

வீடு களியக்காவிளையில், பள்ளி பாறசாலையில். எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது?

எல்லைக் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் தனியாகப் பூர்வீகச் சான்று வேண்டாம். அதில் ஒரு வகுப்பைக் கேரளத்தில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற சான்று தாலுகா அலுவலகத்திலிருந்து வேண்டும். அதைக் கடைசி வாரத்தில் தேடாமல் பிளஸ் ஒன் விடுமுறையிலேயே வாங்கிவிடுங்கள். கேரளத்தில் கீம் என்ற நுழைவு முறையின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கேரளர், கேரளரல்லாதவர் என்று வகை பிரித்திருக்கிறார்கள். எந்த வகை என்பதைப் பொறுத்து வாய்ப்பு வெகுவாக மாறும். ஒரு மாநிலத்தின் சாதிச் சான்றை வைத்து இன்னொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது. இரண்டு மாநிலத்திலும் பூர்வீகம் காட்ட முயல வேண்டாம். சேர்க்கையே ரத்தாகும் அபாயம் உண்டு.

காலமும் வேறு. கீம் விண்ணப்பம் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பின்னாகவே வந்துவிடும்; நாட்டா மதிப்பெண்ணைப் பிறகு சேர்க்கலாம். நாட்டா முடியட்டும் என்று காத்திருந்து கீமைத் தவறவிடுகிறார்கள். தமிழ்நாட்டு பி.ஆர்க் பதிவு பிளஸ் டூ முடிவுகளுக்குப் பிறகு வரும். இன்ஜினியரிங் விண்ணப்பத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு. அந்த மாநிலத்தார் யார் என்பதைப் பிளஸ் டூ தேறிய பள்ளி இருக்கும் மாநிலத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். வீடு இருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. களியக்காவிளையில் வீடு இருந்தும் பாறசாலையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கோழிக்கோட்டில் உள்மாநில ஒதுக்கீடு உண்டு, திருச்சியில் இல்லை. பிளஸ் ஒன் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு தாங்க முடியுமா? ஃபீஸ் தவிர வேறென்ன வரும்?

கல்விக் கட்டணம் அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் இடையே பெரிதும் மாறும். அதைவிடப் பெற்றோரை வாட்டுவது, எதிர்பாராமல் மாதந்தோறும் வருகிற செலவுகள்: வரைதாள், மாடல் செய்யும் அட்டை, பெரிய தாளில் பிரிண்ட், கல்விச் சுற்றுலா. சேரும் முன்பே மூத்த மாணவர் ஒருவரிடம் ஒரு செமஸ்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டுவிடுங்கள்.

லேப்டாப்பைச் சேர்ந்த அன்றே வாங்க வேண்டாம். முதல் ஆண்டில் பெரும்பாலும் கையால் வரைவார்கள். எந்த மென்பொருள் தேவைப்படும் என்று தெரிந்தபின் வாங்கினால் பணம் வீணாகாது.

கல்லூரி நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் அந்தக் கல்லூரியும் அதற்கு அனுமதித்த இடங்களின் எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பட்டம் வாங்கியபின் பதிவு செய்ய முடியாது. அடுத்து, ஒரு வேலை நாளில் நேரில் போய் மாணவர்கள் வரையும் கூடத்தைப் பாருங்கள். மேசைகளில் பாதியில் நிற்கும் மாடல்களும், சுவரில் திருத்தக் குறிகளோடு வரைபடங்களும் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. பளபளப்பான முகப்பும் காலியான மேசைகளும் இருந்தால் யோசியுங்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங், திருவனந்தபுரத்தில் அரசு இன்ஜினியரிங் கல்லூரியின் கட்டடக்கலைத் துறை ஆகிய இரண்டையும் அளவுகோலாக ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் எல்லாம் இப்போதே கற்றுக்கொள்ளட்டுமா? கம்ப்யூட்டரே பிளான் போட்டுவிடும் என்கிறார்களே?

விருப்பம் இருந்தால் விடுமுறையில் விளையாட்டாகக் கற்கட்டும். கட்டாயம் இல்லை. சொந்த வீட்டை அளந்து கையால் வரைந்தவனுக்கு மென்பொருள் சில வாரத்தில் கைவரும். கம்ப்யூட்டர் நொடியில் பத்துப் பிளான் போடும்தான். ஐந்து சென்ட் மனையில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், பக்கத்து வீட்டு அடுக்களைப் புகை எந்த ஜன்னலில் நுழையும் என்பது மனையில் போய் நின்றவருக்குத்தான் தெரியும். பத்தில் எது சரி என்று சொல்ல அவர் வேண்டும்.

பெண் பிள்ளைக்கு சைட்டில் ஏறி இறங்குகிற வேலை சரிப்படுமா?

சரிப்படும். கல்லூரி வகுப்புகளில் பெண்களே அதிகமாக இருப்பதை நீங்களே போய்ப் பார்க்கலாம். தயக்கம் கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் எப்படிப் பேசுவாள் என்பதில் இருந்தால், அதையும் இப்போதே பழக்கலாம். சொந்தக்காரர் வீடு கட்டும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். தூக்குக்குண்டையும் மட்டத்தையும் எதற்குப் பிடிக்கிறார்கள் என்று அவளே கேட்கட்டும். ‘மக்களே, இங்க வா’ என்று கூப்பிட்டுக் காட்டிக்கொடுக்காத கொத்தனாரை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை.

வாஸ்து சொல்லித் தருவார்களா? அது தெரியாமல் நம் ஊரில் தொழில் செய்ய முடியாதே.

பி.ஆர்க் பாடத்தின் மையம் அது இல்லை. மரபுக் கட்டடங்களைப் பற்றிப் படிக்கும்போது ஓரளவு வரும். வீட்டுக்காரர்கள் கேட்பார்கள் என்பது உண்மைதான். அவர்களின் நம்பிக்கையை மதித்து, அதற்காக வெளிச்சத்தையும் காற்றையும் விட்டுக்கொடுக்காமல் வழி காண்பதும் தொழிலின் ஒரு பகுதி. பிள்ளைப் பருவத்தில் சூரியன் தையில் எங்கே உதிக்கிறது, ஆனியில் எங்கே உதிக்கிறது என்று மாடியிலிருந்து குறித்து வைத்தால் போதும்.

எங்கள் அப்பா மூத்தாசாரி. தச்சுத் தொழில் தெரிந்த குடும்பம். மகனை மாமல்லபுரத்தில் சேர்க்கலாமா, பி.ஆர்க்கா?

இரண்டும் வேறு பாதைகள். மாமல்லபுரத்து அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, கோயில் கட்டும் மரபையும் சிற்பத்தையும் முறையாகக் கற்றுத்தருவது. வள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். கோயில், கல், மரம் என்று மனம் போகிற பிள்ளைக்கு அது பெருமையான படிப்பு. ஆனால் அது பி.ஆர்க் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன கவுன்சில் பதிவு வேண்டுமென்றால் பி.ஆர்க்தான் படிக்க வேண்டும்.

எதில் சேர்ந்தாலும், தாத்தா இருக்கும்போதே அவரிடமிருந்து வாங்க வேண்டியதை வாங்கிவிடுங்கள். மரங்கள் சேரும் இடங்களில் அவர் போடும் பொருத்துகளை அவர் சொல்லச் சொல்ல வரையட்டும்; பெயர்களையும் அவர் சொல்கிறபடியே எழுதட்டும். பத்மநாபபுரத்தில் நிற்கும் கூரைகளைச் செய்த கைகளின் அறிவு, பெரும்பாலும் எழுதப்படாமல் வாய்வழியாகவே வந்திருக்கிறது. பி.ஆர்க் முடித்துப் பழைய கட்டடப் பாதுகாப்பில் மேற்படிப்புக்குப் போனால், அந்த நோட்டுக்கு ஈடு இருக்காது.

பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாமா?

முடியாது. கணிதம் படித்த மூன்றாண்டு டிப்ளமோக்காரர்கள் பி.ஆர்க்குக்குத் தகுதி உடையவர்கள். ஆனால் முதல் ஆண்டிலிருந்தே ஐந்தாண்டும் படிக்க வேண்டும். நுழைவுத் தேர்வும் உண்டு.

ஐந்து வருடம் படித்துவிட்டு என்ன சம்பளம் வரும்? ஊரிலேயே தொழில் செய்ய முடியுமா?

தொடக்க ஆண்டுகளில் மென்பொருள் வேலைக்குப் போன நண்பனைவிடக் குறைவாகவே வரும். இதை மறைத்துப் பிள்ளையைச் சேர்ப்பது நியாயமில்லை. படிப்பின் பகுதியான அலுவலகப் பயிற்சிக் காலத்திலும் கையில் கிடைப்பது சொற்பம். நல்ல அலுவலகத்தில் சில ஆண்டு பழகியபின் வருமானம் கூடும். தனியாகத் தொழில் செய்தால் பேர் கிடைக்கக் காலம் பிடிக்கும்.

ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி வீடு கட்டுகிறார்கள், பழைய ஓட்டு வீடுகளைப் புதுப்பிக்கிறார்கள், பள்ளிகளும் தேவாலயங்களும் விரிகின்றன. தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த ஆர்க்கிடெக்டுக்கு எல்லையின் இருபுறமும் வேலை இருக்கிறது. வீட்டில் மலையாளம் பேசுகிறவர் இருந்தால் பிள்ளையை எழுதப் படிக்கவும் பழக்கிவிடுங்கள்.

ஆசை எங்களுக்கா, அவனுக்கா என்றே தெரியவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

சிறிய, உண்மையான ஒரு வேலையைக் கொடுங்கள். வீட்டின் பின்புறத்தில் துணி துவைக்கும் இடத்தை மழையில் நனையாமல், தண்ணீர் தேங்காமல், பாட்டி உட்கார்ந்து செய்ய வசதியாக மாற்ற வேண்டும், செலவு இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். அளந்து, வரைந்து, அட்டை மாடல் செய்து காட்டட்டும். பாட்டி ‘இது சரியில்லை’ என்று சொன்னபின் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். கோபித்துக்கொண்டாலும் மறுநாள் புதுத் தாளோடு வந்தால் அவனுக்கு இதில் மனம் இருக்கிறது. மூன்று வாரமாகியும் அந்தத் தாளைத் தொடவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். இந்தப் படிப்பு முழுக்கத் திருத்தமும் மறுதிருத்தமும்தான். விருப்பம் இல்லாத பிள்ளையை இது வதைத்துவிடும்.

நாட்டாவில் மதிப்பெண் குறைந்துவிட்டது. ஒரு வருடம் காத்திருக்கலாமா, கிடைத்த கல்லூரியில் சேர்க்கலாமா?

கிடைத்த கல்லூரி கவுன்சில் பட்டியலில் இருந்து, அங்கே வேலை நடக்கிற கூடத்தை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் சேர்த்துவிடுங்கள். கல்லூரியின் பெயரைவிடப் பிள்ளையின் உழைப்பே இந்தத் தொழிலில் பின்னாளில் பேசும். கிடைத்த இடம் உங்களுக்கே திருப்தி தராவிட்டால், அல்லது கட்டணம் கடனில் தள்ளிவிடும் என்றால், ஓராண்டு காத்திருப்பதில் தவறில்லை.

அந்த ஓராண்டை அறையில் பூட்டிவைத்துக் கழிக்க வேண்டாம். காலையில் தேர்வுப் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள் தெரிந்த ஒருவரின் கட்டட வேலையில், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது முதல் தளம் போடுவது வரை, உடன் நின்று குறிப்பெடுப்பது. சனிக்கிழமை ஒரு பழைய வீட்டை அளந்து வரைவது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் குறைவென்றால், தரவரிசையில் பாதி அதற்குத்தான் என்று நான்காவது பதிலில் சொன்னதை நினைவில் வைத்து, நாட்டாவில் எவ்வளவு ஏறினால் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று கடந்த ஆண்டின் கலந்தாய்வுப் பட்டியலைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைப் போட்டபின் முடிவெடுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்தே போடுங்கள்.